செஞ்சுடருக்கு ஒரு கண்டனக் கடிதம்

"இவ பறக்கிறதுக்கே இடுப்பை ஆட்டணுமாம்மா!"

சித்லாலி காமிக்ஸை மேஜைமேல் வீசினாள். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது.

மூன்று மாதம் காத்திருந்து வாங்கிய புத்தகம். சூப்பர் ஹீரோ கூட்டத்தில் ஸ்பானிஷ் பேசும் நம் பெண் ஒருத்தி சேரப்போகிறாள், பெயர் செஞ்சுடர் என்று விளம்பரம் வந்த நாளிலிருந்து குதித்துக்கொண்டிருந்தாள். பள்ளி மாறுவேட நாளுக்கு சிவப்புத் துணிகூட வாங்கியாகிவிட்டது.

அம்மா கிராசியேலா கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் அவளுடைய அழகு நிலையத்தில் முடி வெட்டுவது பாதி நேரம்தான். மீதி நேரம் நியாயம் பேசுவது.

"வரைஞ்சவன் இவளைப் போர்ட்டோ ரிக்கோ பொண்ணுங்கிறான். தலையில எங்க மெக்சிகோ தொப்பி! மத்தியானம் சாப்பிடறது எங்க டாக்கோ!"

"எங்க ஊர்ல எவ டாக்கோ திங்கிறா?" தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்த போர்ட்டோ ரிக்கோக்காரி மிக்டாலியா பொங்கினாள். "சோறும் பீன்ஸும் எங்க போச்சாம்?"

"ஸ்பானிஷ் பேசினா எல்லாரும் ஒண்ணுதான் அவனுக்கு! சித்லாலி, எழுதுடி கம்பெனிக்கு. அவங்கவங்களுக்கு ஒரு நாடு, ஒரு சாப்பாடு இருக்கு. வரையறதுக்கு முன்னாடி வாயைத் திறந்து கேளுய்யான்னு எழுது!"

சித்லாலி ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். முகம் கொஞ்சம் தெளிந்தது.

கத்திய கத்தலில் கிராசியேலாவுக்குப் பசித்துவிட்டது. உதவியாளர் நோஹெமி வீட்டிலிருந்து கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே சீஸ் வைத்துச் சுட்ட சோள ரொட்டி, தொட்டுக்கொள்ள முட்டைக்கோஸ் ஊறுகாய்.

"உன் கோர்தீத்தா ரொட்டி மாதிரி எங்க மெக்சிகோவுலகூடக் கிடைக்காதுடி!"

நோஹெமி சிரித்தாள். ஆறு வருஷமாக அதே சிரிப்புதான்.

"எல்லாரும் பேரும் நாடும் போட்டுக் கையெழுத்துப் போடணும்," என்றாள் சித்லாலி. "நோஹெமி அக்கா, நீங்க எந்த நாடு?"

"இதென்ன கேள்வி? நம்ம ஆளு. மெக்சிகோன்னு போடு," என்றாள் கிராசியேலா, வாய் நிறைய ரொட்டியோடு.

நோஹெமி கையைத் துடைத்துக்கொண்டு சித்லாலி பக்கம் திரும்பினாள்.

"எல் சால்வடோர், கண்ணு. அப்புறம்... அது கோர்தீத்தா இல்லக்கா. புபூசா. எங்க நாட்டுப் பண்டம்."

கிராசியேலா வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கினாள்.

"ஆறு வருஷமா ஏண்டி சொல்லல?"

"வேலைக்கு வந்த அன்னிக்கே சொன்னேன்க்கா. டிரையர் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல. அப்புறம் நீங்க ஆசை ஆசையாச் சாப்பிடுறதைப் பாத்து, போகட்டும்னு விட்டுட்டேன்."

மிக்டாலியா சிரித்த சிரிப்பில் சாயம் கழுத்துவரை வழிந்தது. கிராசியேலாவின் முகம் செஞ்சுடரின் உடையைவிடச் சிவந்துபோனது.

சித்லாலி கடிதத்தை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அம்மா, அனுப்புறதுக்கு முன்னாடி இதை ஒரு ஜெராக்ஸ் எடுக்கலாமா?"

"எதுக்குடி?"

"நம்ம கடைக் கண்ணாடியில ஒட்டுறதுக்கு."