இரண்டு அடைப்புக்குறிகள்
ஹோபார்ட் துறைமுகத்து வெயில் மேசையில் சாய்வாக விழுகிறது. பிரான்வினின் காப்பியில் ஆடை படிந்துவிட்டது. அவள் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. அங்கே 'ஆக்சிஜன்' என்று ஒரே ஒரு சொல். அதை எழுதினால் சால்மன் மீன் கூண்டிலுள்ள ஆக்சிஜன் அளவு உடனே கைக்கு வந்துவிடும் என்றுதான் மற்ற நிரலர்கள் நம்புகிறார்கள். உண்மையில் அது ஒவ்வொரு தடவையும் விரிகுடாவில் மிதக்கும் கருவியைக் கூப்பிட்டு, பதிலுக்குக் காத்துக் கிடக்கிறது. "வெறும் பேரா, ப்ராப்பர்ட்டியாவே இருக்கட்டும் பிரான், பார்க்க அழகா இருக்கு," என்கிறான் பக்கத்து மேசை டார்சி. "அடைப்புக்குறி போட்டுக் கூப்பிடற மெத்தடா மாத்தினா, எல்லாரும் அவங்க எழுதினத திருத்தணும், நம்மளத்தான் திட்டுவாங்க." "திட்டட்டும்," என்கிறாள் அவள். "நேத்து இப்படிக் காத்துக் கிடந்துதான் பண்ணையில திரை உறைஞ்சு நின்னுச்சு, மீனெல்லாம் மூச்சுக்குத் தவிச்சது ஒருத்தருக்கும் தெரியல. கடலுக்குப் போயிட்டு வர்ற வேலைய, சட்டைப் பையில இருக்கற மாதிரி காட்டாதே." வெளியே ஒரு படகு ஊதுகிறது. அவள் அந்தச் சொல்லை அழித்து 'ஆக்சிஜனை அளந்து வா' என்று தட்டி, அதன் பின்னால் இரண்டு அடைப்புக்குறிகளை வைக்கிறாள். பழைய சொல்லைப் பயன்படுத்திய இடமெல்லாம் சிவப்பாகிறது. முதல் சிவப்பைத் திறக்கிறாள்: பண்ணைத் திரைக்காக ஓயாமல் சுற்றும் ஒரு லூப்புக்குள் அந்தச் சொல், மேலே, எழுதியவன் பெயர் டார்சி. அவள் திரையை அவன் பக்கம் திருப்புகிறாள். அவனுடைய நாற்காலி உருண்டு வருகிறது. "நகரு, இத நானே மாத்தறேன்," என்கிறான், விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து.