தண்ணி சீன்

"அந்தத் தண்ணி சீன் வரும்போது லென்ஸை மூடிடு."

அப்பா சாதாரணமாகத்தான் சொன்னார். அவன்தான் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

அவன் தியேட்டர் ஆப்பரேட்டர். அதே தியேட்டரில், அதே மெஷின் ரூமில் அவனுக்கு முன்னால் இருந்தவர் அப்பா. அந்தக் காலத்தில் படத்தில் முத்தம் வந்தால் போதும், லென்ஸுக்கு முன்னால் ஒரு அட்டையை நீட்டிவிடுவார். தியேட்டரே விசிலடித்துத் திட்டும். ஊரில் அவருக்குப் பெயரே 'அட்டை'தான்.

இப்போது முத்தம் கொடுக்கப்போவது அவர் பெற்ற பெண்.

படிக்கிறேன் என்று ஆஸ்திரேலியா போன அக்கா, அங்கே ஒரு காதல் படத்தில் கதாநாயகியாகிவிட்டாள். வெள்ளிக்கிழமை ரிலீஸ். இதே தியேட்டரில். ட்ரெய்லரில் அக்காவும் ஹீரோவும் இடுப்பளவு கடல் தண்ணீரில் நிற்கிறார்கள். முகமும் முகமும் நெருங்குகின்றன. அதோடு கட்.

"அப்பா, இப்பல்லாம் அப்படி முடியாது. ஒரு செகண்ட் இருட்டானாலும் முதலாளி என்னை வெளிய தள்ளிடுவார்."

"சொன்னதைச் செய்."

"செய்யலேன்னா?"

"நானே மேல ஏறி வந்து மூடுவேன்."

வருவார். அதுதான் பயம். வெள்ளிக்கிழமை ஹவுஸ்ஃபுல் கூட்டத்தில், ஊரே பார்க்க, கத்திக்கொண்டே படியேறி வருவார்.

அம்மாவோ தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

"எல்லாரும் ஒரே வரிசையில உக்காரணும்டா. மூணு வருஷமாச்சு எம் பொண்ணைப் பாத்து. திரையிலயாவது முழுசாப் பாக்கறேன்."

"அப்பா ஏதாவது கலாட்டா பண்ணினா?"

அம்மாவின் முகம் வாடியது.

"எனக்கும் அதான்டா பக்குபக்குங்குது. டிவியில ட்ரெய்லர் வந்தாலே எழுந்து வெளிய போயிடறார். பெத்த பொண்ணு மேல அப்படி என்னதான் கோவமோ! கல்லு மனசு."

வியாழக்கிழமை காலை ட்ரயல். ரிலீஸுக்கு முன்னால் படத்தை ஒருமுறை காலி தியேட்டரில் முழுசாக ஓட்டிப் பார்க்கவேண்டும். படத்தைப் போட்டுவிட்டுத் திரும்பினான். மூச்சு வாங்க அப்பா நின்றிருந்தார்.

கதவுக்குப் பின்னால் இன்னும் கிடந்த அந்தப் பழைய அட்டையை எடுத்தார். தூசி தட்டி அவன் கையில் திணித்தார்.

"பிடி. நாளைக்குக் கை தடுமாறக் கூடாது. இன்னிக்கே பழகிக்கோ."

திரையில் அக்கா சிரித்தாள். சண்டை போட்டாள். பேசிய இங்கிலீஷ் இரண்டு பேருக்கும் பாதிதான் புரிந்தது. அப்பா அசையவே இல்லை.

கடல் வந்தது. இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கினார்கள். முகமும் முகமும் நெருங்கின. வேலை போனால் போகட்டும் என்று அட்டையைத் தூக்கினான்.

அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என்னடா பண்றே?"

"நீங்கதானே மூடச் சொன்னீங்க?"

"முத்தத்தையா சொன்னேன்? அது அவ பாக்கற வேலைடா. நானும் எவ்வளவோ முத்தத்தை மூடிப் பாத்துட்டேன். எவன் திருந்தினான்?"

அவனுக்குத் தலை சுற்றியது.

"அப்போ எதைத்தான்பா மூடணும்?"

"முதலாளிகிட்ட கதை கேட்டேன். கடைசியில இன்னொரு தண்ணி சீன் இருக்கு." அப்பாவின் குரல் உடைந்தது. "அவ தனியா கடலுக்குள்ள போயிடறா. திரும்பி வர்றதே இல்ல. உங்கம்மா எப்படிடா தாங்குவா?"

"அம்மாவுக்கு எல்லாம் தெரியும்பா. அக்கா போன்லயே சொல்லிட்டா. 'எவ்வளவு நல்லா சாகறேன் பாரும்மா'ன்னாளாம். அம்மாவுக்கு ஒரே சிரிப்பு."

அப்பா காதில் எதுவும் விழவில்லை. படம் முடியப்போகும் நேரத்தில் திரையில் அந்தக் கடல் வந்தது. அக்கா தனியாக இறங்கினாள். முழங்கால். இடுப்பு. கழுத்து.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். பார்க்கவும் முடியவில்லை, பார்வையை எடுக்கவும் முடியவில்லை.

"மூடு... மூடித் தொலைடா!"

லென்ஸை அவன் மூடவில்லை. அட்டையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் அப்பாவின் கண்களைப் பொத்தினான்.