மார்பளவு ஆழம்

"இது எவ்வளவு கம்மியான ஆழத்தைக் காட்டும், அண்ணே?"

கடைக்காரர் விளக்கிக்கொண்டிருந்த ஆழமானியை அப்படியே கண்ணாடி மேசைமேல் வைத்தார். இத்தனை வருட வியாபாரத்தில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை.

படகு வைத்திருப்பவர்கள் வருவார்கள். நூறு மீட்டர் காட்டுமா, இருநூறு காட்டுமா என்பார்கள். அவர்கள் துடுப்பு போடுகிற ஏரி எந்த மூலைக்குப் போனாலும் பத்து மீட்டரைத் தாண்டாது. ஆனாலும் கேட்பார்கள். அவரும் நடுக்கடல் கதையெல்லாம் அளந்துவிட்டு விற்பார். அவருக்கு நீச்சல் தெரியாது என்பது வேறு விஷயம்.

எதிரே நின்ற பெண் பஸ் கண்டக்டர். இரண்டு டிரிப்புக்கு நடுவில் ஓடி வந்திருக்கிறாள். தோள்பையைக்கூடக் கழற்றவில்லை.

விஷயத்தை வந்தவுடனேயே சொல்லிவிட்டாள். வீட்டில் சின்னப் படகு ஒன்று கவிழ்த்துப் போட்டபடி கிடக்கிறது. புருஷன் ஒரு வருடமாக வாசலைத் தாண்டவில்லை. கெஞ்சி, சண்டை போட்டு, பேசாமல் இருந்து, எப்படியோ இந்த ஞாயிற்றுக்கிழமை படகில் வருவதாக அவரிடம் வாக்கு வாங்கிவிட்டாள். ஆழமானி இல்லாமல் போனால் பிரயோஜனமில்லை. ஒரு வாரம் தள்ளிப்போட்டால் மனுஷன் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார்.

எப்போதோ படகு கவிழ்ந்திருக்கும், அதிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது என்று கடைக்காரர் கணக்குப் போட்டார். மற்றவர் வீட்டு விஷயத்தில் அவருடைய கணக்கு ஒருநாளும் சரியாக வந்ததில்லை. இருந்தாலும் போடாமல் இருக்க மாட்டார்.

திரை வைத்த பெரிய கருவியைத்தான் முதலில் காட்டியிருந்தார். மீன் தெரியும், பாறை தெரியும், தண்ணீரின் சூடுகூடத் தெரியும். ஆழம் ஒன்றரை மீட்டரைவிடக் குறைந்தால் மட்டும் எண் வராது, வெறும் கோடுதான் தெரியும் என்று இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அடுத்தது நூலில் கட்டி மிதக்க விடும் பந்து. அது பார்த்ததையெல்லாம் போனுக்கு அனுப்பும். புருஷன் போனைத் தொட்டே மாசக்கணக்காகிறது என்று சொல்லி அதை ஒதுக்கினாள்.

கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆழமே இல்லாத எடத்துக்கு எதுக்கும்மா மிஷினு? ஒரு கம்பை விட்டுப் பார்த்தா போதாதா?"

"என் ரெண்டு கையும் துடுப்புல இருக்கும். ஆழம் பாக்குறது அவர் வேலை. ஒரு கையால பிடிக்கிற மாதிரி குடுங்க."

கீழ்த்தட்டில் டார்ச் மாதிரி ஒன்று தூசி படிந்து கிடந்தது. ஆழமாகப் போகாது என்று எல்லோரும் கழித்துவிட்ட சாமான். அறுபது சென்டிமீட்டரிலிருந்து காட்டும் என்று அட்டையில் போட்டிருந்தது. அட்டையை நம்ப அவள் தயாராக இல்லை.

கொல்லைப்புறத்துச் சிமெண்டுத் தொட்டிக்கு அழைத்துப் போனார். அவளே கருவியின் முனையைத் தண்ணீரில் அமிழ்த்திப் பொத்தானை அழுத்தினாள்.

கோடு.

அவள் முகம் விழுந்துவிட்டது. கடைக்காரருக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. குறுகலான தொட்டியில் முதல் தடவை கொஞ்சம் உளறும், நேராகப் பிடித்து இன்னொரு தடவை அழுத்துங்கள் என்றார்.

புள்ளி ஒன்பது மீட்டர்.

அவள் தொட்டியை ஒட்டி நின்றாள். தண்ணீர் மட்டம் தன் உடம்பில் எதுவரை வருகிறது என்று கையை வைத்துப் பார்த்தாள். இடுப்புவரை வந்தது. அந்தக் கையை மெல்ல மெல்ல மார்புவரை உயர்த்தினாள். அப்புறம், அவர் என்னைவிட ஒரு சாண் உயரம் என்று முனகிக்கொண்டே இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். அந்த இடத்துக்கு என்ன எண் வரும் என்று கேட்டாள்.

ஒன்று புள்ளி மூன்று, நான்குக்குள் இருக்கும் என்றார் கடைக்காரர். இதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை.

"அந்த ஆழத்துல மீன்கூடக் கிடைக்காதேம்மா. படகுல போய் என்னதான் தேடப் போறீங்க?"

"அவர் நிக்கிறதுக்கு ஒரு எடம்."

பையின் வாரைச் சரிசெய்துகொண்டே மீதியைச் சொன்னாள். போன வருடம் வாதம் அடித்து அவருடைய வலது பக்கம் விழுந்துவிட்டது. மார்பளவுத் தண்ணீரில் நடந்து பழகச் சொல்கிறார் வைத்தியர். தண்ணீர் பாதி உடம்பைத் தாங்கிக்கொள்ளுமாம். ஆனால் கரையோரம் எந்நேரமும் ஜனம். அவள் பஸ்ஸை ஓட்டிய டிரைவரே அவர்தான். ஊரில் பாதிப் பேர் அவர் வண்டியில் ஏறி இறங்கியவர்கள். அவர்கள் பார்க்கத் தடுக்கி விழுவதைவிட வீட்டிலேயே கிடப்பது மேல் என்று இருந்துவிட்டார். நடு ஏரியில் மணல் திட்டு ஒன்று தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் இடம் மாறும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் சுற்றுவட்டாரத்தில் பார்க்க ஒரு ஆள் இருக்காது.

கடைக்காரர் கருவியின் ஈரத்தைத் துடைத்தார். புது பேட்டரி போட்டார். கருவியின் கயிற்றை இடது மணிக்கட்டுக்குத் தோதாகச் சுருக்கிக் கட்டினார். அதை அவளிடம் நீட்டும்போது மனசு கேட்கவில்லை. ஆழத்தைத்தான் இது சொல்லும், அடியில் இருப்பது மணலா சேறா என்று சொல்லாது, கால் புதைந்துவிடப் போகிறது என்றார்.

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"மொதல்ல நான்தான் எறங்குவேன், அண்ணே. எப்பேர்ப்பட்ட சந்துன்னாலும், நான் கீழ எறங்கி நின்னு 'வரலாம், வரலாம்'னு சொன்னாத்தான் அவர் வண்டியையே நகர்த்துவார்."