சங்கிலிப் பொருத்தம்

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் முடிந்ததும், கல்யாணத் தரகர் பரமசிவம் மகிழினிக்கும் தான் கொண்டுவந்த வரனுக்குமான இரண்டு ரத்தப் பரிசோதனை அறிக்கைகளைத் தாம்பாளத்தில் வைத்தார்.

சிதைந்த ரத்த அணுக்களின் கழிவைப் பிடித்து அகற்றும் புரதம் ஒன்று எல்லோருக்கும் உண்டு. சிலருக்கு அது சிறு இணைகளாக இருந்து சுறுசுறுப்பாக வேலை செய்யும். மகிழினிக்கு நீண்ட சங்கிலியாகக் கோத்துக்கொண்டு மந்தமாகக் கிடந்தது. அவள் அப்பாவுக்கும் அப்படித்தான். சர்க்கரையோடு அதுவும் சேர்ந்து அவர் இதயத்தைக் கெடுத்தது.

அவள் விரும்பிய எழிலனுக்குச் சிறு இணைகள். அதனாலேயே அம்மா மறுத்துவிட்டாள்.

"தோஷத்துக்குத் தோஷம்தான் சேரணும்டி. இல்லேன்னா அந்தப் பையனுக்கு ஆகாது."

"இந்த மாப்பிள்ளைக்கும் நீளச் சங்கிலிதாம்மா," என்றார் தரகர். "ரெண்டும் சேர்ந்தா தோஷம் நிவர்த்தி."

"நிவர்த்தி ஆகாதும்மா," என்றாள் மகிழினி. "எழிலன்னா குழந்தைக்குப் பாதியாவது நல்லது வரும். இவர்னா பிறக்கிற அத்தனைக்கும் அப்பாவோட சங்கிலிதான்."

அம்மாவின் முகம் வாடியது. குங்குமச் சிமிழை எடுத்த கை நின்றது.

தரகர் சிரித்தார். "இதுக்கா கவலைப்படறீங்க? அந்தக் குழந்தைகளுக்கும் நீளச் சங்கிலியாப் பார்த்து நானே வரன் கொண்டுவரேன். முகூர்த்தம் குறிச்சிடலாமா?"