கயாக்கும் கண்டமும்

"ஜாதகத்துல தண்ணியில கண்டம்னு தெரிஞ்சும் எதுக்குடி இதுக்கு வந்த?" என்றாள் ஷாமிளா, லக்ஷிகாவின் லைஃப் ஜாக்கெட் பட்டியை இறுக்கிக்கொண்டே.

லக்ஷிகாவுக்குப் பற்கள் தந்தியடித்தன. குளிர் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. மணி பத்து, நல்ல வெயில்.

களனி ஆறு அந்த வளைவில் சாதுவாகத்தான் ஓடியது. கயாக் படகு பழகும் ஆரம்ப வகுப்பில் அன்று நான்காவது நாள், கடைசி நாள். வகுப்பு முழுக்கச் சிங்களத்தில் நடந்தது. சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தண்ணீர்தான் பாடாய்ப் படுத்தியது. ஆனாலும் மூன்று நாட்களில் துடுப்புப் போடுவதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிவிட்டாள்.

வினை இன்றைக்குத்தான். படகைக் கவிழ்க்க வேண்டும். தண்ணீருக்குள் தலைகீழாக இருந்தபடியே, இடுப்பையும் படகையும் சேர்த்து மூடியிருக்கும் உறையின் பட்டியை இழுத்துக் கழற்றி, தானாக வெளியே வர வேண்டும். வந்தால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் ஆற்றோரத்துப் படகு கம்பெனியில் அடுத்த மாதமே வேலை. இல்லாவிட்டால் அம்மா மாதிரி கத்தியும் வாளியுமாக ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போக வேண்டியதுதான்.

அம்மா புஷ்பவதிக்கு இது எதுவும் தெரியாது. கரவனெல்லையில் கம்ப்யூட்டர் வகுப்பு என்று சொல்லிவிட்டுத்தான் லக்ஷிகா தினமும் பஸ் ஏறினாள். உண்மையைச் சொன்னால் வாசல் தாண்ட விடமாட்டாள். இருபத்தொரு வயது முடியும்வரை ஆற்றுப் பக்கமே போகக்கூடாது என்று ஜாதகத்தில் இருக்கிறதாம். இன்னும் ஏழு மாதம் பாக்கி. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளெல்லாம் ஆற்றில் குதித்து விளையாடிய காலத்தில் இவள் மட்டும் மலைத்தண்ணீர் குழாயில் கொட்டும் பீலியில் குளித்து வளர்ந்தாள். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் கடற்கரைக்குப் போனபோதுகூட பஸ்ஸைவிட்டு இறங்கவில்லை. இடது கையில் அம்மா கட்டிவிட்ட தாயத்து ஒரு நாளும் கழன்றதில்லை.

இன்று கழன்றது. உடம்பில் கயிறோ சங்கிலியோ இருந்தால் எங்காவது மாட்டிக்கொள்ளும் என்று பயிற்சி கொடுக்கும் நஜீப் சேர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லக்ஷிகா தாயத்தைக் கழற்றி ஷாமிளாவின் கையில் வைத்தாள். ஷாமிளா அதே லயத்துக்காரி. ஏற்கெனவே கவிழ்ந்து, எழுந்து, ஈரத்தலையோடு நின்றாள்.

"ஆஸ்பத்திரி போற வழியில ரப்பர் பால் லொரியிலயே தைரியமாப் பொறந்தவ நீ. இதுக்குப் போய் நடுங்குறியே" என்று தட்டிக்கொடுத்தாள். லயத்தில் லக்ஷிகாவின் பட்டப்பெயரே 'லொரி'தான்.

லக்ஷிகா படகில் ஏறி உட்கார்ந்து உறையை மாட்டிக்கொண்டாள்.

நஜீப் சேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று மூன்று எண்ணினார். படகு கவிழ்ந்தது.

மூக்குக்குள் தண்ணீர் ஏறியது. எங்கும் மண்ணிற இருட்டு. பட்டியைப் பிடித்து இழுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவளுடைய வலது கை பட்டிக்குப் போகவில்லை. நேரே இடது கைக்குப் போய்த் தாயத்தைத் தேடியது. அங்கே எதுவும் இல்லை. முடிந்தது, கண்டம் வந்துவிட்டது என்று நினைத்தாள். அதற்குமேல் எதுவும் ஓடவில்லை.

நஜீப் சேர் படகை நிமிர்த்தியபோது அவள் இருமி இருமித் தண்ணீரைக் கக்கினாள். மற்றவர்கள் முடித்த பிறகு இன்னொரு தடவை தருவதாக அவர் சொன்னார். அதிலும் இப்படிப் பயந்தால் கையெழுத்துப் போட முடியாது என்றும் சொன்னார். அதில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

ஷாமிளா போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனதை லக்ஷிகா கவனிக்கவில்லை.

அரைமணி நேரத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது புஷ்பவதி. சட்டையில் ரப்பர் பால் காய்ந்திருந்தது. மலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள். லக்ஷிகா படகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். வேலை, சான்றிதழ் எல்லாம் போச்சு. இனிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள்.

புஷ்பவதி திட்டவில்லை. கரையில் நின்று நஜீப் சேர் சொன்னதையெல்லாம் கேட்டாள். பிறகு மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பட்டிய இழுக்காம கை எங்கடி போச்சு?"

"தாயத்துக்கு." லக்ஷிகாவுக்கு அழுகை முட்டியது. "பொய் சொன்னது தப்புதாம்மா. ஆனா இன்னும் ஒரு தடவை இருக்கு. சேர்கிட்டக் கேட்டு அதக் கட்டிவிடுங்க. அது இருந்தா மேல வந்துருவேன்."

புஷ்பவதியின் முகம் வெளிறிவிட்டது. இத்தனை வருடமும் ஆற்றைப் பார்த்துப் பயந்தவள், இப்போது மகளைப் பார்த்துப் பயந்தாள்.

ஷாமிளாவிடமிருந்து தாயத்தை வாங்கினாள். கட்டவில்லை. மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து உள்ளங்கையில் தட்டினாள். தகடு இல்லை, திருநீறு இல்லை. ரப்பர் மரத்தில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் பாலின் கறுத்துப்போன துண்டு ஒன்றுதான் விழுந்தது.

"நான்தான் வச்சு மூடினேன்" என்றாள் புஷ்பவதி. "விடியறதுக்குள்ள பால் வெட்டப் போயிருவேன். லயத்துக்குக் கீழயே ஆறு. நீ ஒரு எடத்துல இருக்கிற புள்ளையா? ஒன்னைப் பயங்காட்டி வைக்கிறதத் தவிர அன்னைக்கு எனக்கு வேற வழி தெரியல."

"அப்ப ஜாதகத்துல இருக்கிற கண்டம்?"

"எந்த ஜாதகம்? அடைமழையில, ஓடுற லொரியில பொறந்த புள்ளைக்கு யாருடி நேரம் பார்த்தா, ஜாதகம் எழுத?"