கடைசிப் புல்லரிசி

வரப்பெறும்பு அக்கா சொன்ன கதையைச் சிட்டுக்குருவி பல வருஷமாக நம்பவில்லை. சேர்த்து வைப்பதையே பிழைப்பாகக் கொண்ட எறும்புகள் பட்டினியில் செத்தன என்றால் யார் நம்புவார்கள்?

புற்றுக்குள் புல்லரிசி முளைத்துவிடாமல் இருக்க, எறும்புகள் அதன் முளைவிடும் முனையைக் கடித்துத்தான் சேமிக்கும். அடுத்த மழைக்கு முளைக்கட்டும் என்று கொஞ்சத்தைக் கடிக்காமல் தரையிலேயே விட்டுவிடும். மழை பொய்த்த ஒரு வருஷம் கிழக்குப் புற்றோடு சண்டை மூண்டது. "அதுகளுக்கு ஒரு மணிகூட மிஞ்சக் கூடாது" என்று ராணி உத்தரவு போட்டது. அத்தனையையும் அள்ளிக் கடித்து வைத்தன. சண்டையில் ஜெயித்தன. அடுத்த வருஷம் மழை கொட்டியும் ஒரு புல்கூடத் தலைகாட்டவில்லை. ஜெயித்த புற்றில் பாதி பசியிலேயே போனது.

"போ அக்கா, சும்மா அளக்காதே!" என்று குருவி சிரிக்கும்.

இந்த வருஷமும் மழை இல்லை. கூட்டில் குஞ்சுகள் கத்த, இரை தேடி இறங்கிய குருவி வெறுந்தரையைத்தான் பார்த்தது. ஒரே ஒரு மணியைத் தூக்கிக்கொண்டு அக்கா மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"வழியை விடுடி. கிழக்கே மறுபடி வாலாட்டுகிறார்கள். எல்லாவற்றையும் அள்ளச் சொல்லி ராணி உத்தரவு. இந்தத் தடவையும் ஜெயிப்பது நாங்கள்தான்."

குருவிக்கு இப்போது சிரிப்பு வரவில்லை.

"ஜெயித்துக்கொள் அக்கா. அந்த மணியை இன்னும் கடிக்கவில்லைதானே?"