நீலக் கட்டத்துக்குக் கீழே

பள்ளிக்கூட ஹாலின் தரை முழுக்க ஏரிக்கரையின் வரைபடம் விரிந்து கிடக்கிறது. மின்விசிறிக் காற்றுக்கு அது எழும்பிவிடாமல் ஒரு மூலையில் தண்ணீர் பாட்டிலும் எதிர்மூலையில் படகுக்காரரின் சாப்பாட்டுப் பாத்திரமும் காவல் இருக்கின்றன. சுற்றுலாத் திட்டத்துக்கு ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்க வந்த அதிகாரி, சற்றுமுன்வரை மேடையில் மைக்கோடு நின்றவர். “அங்கேர்ந்து சொன்னா எங்களுக்கு என்ன சார் புரியும்?” என்று தையல்காரி செருப்பைக் கழற்றிவிட்டு வரைபடத்தில் ஏறியதும் ஊரே ஏறிவிட்டது. இப்போது அவரும் காலுறையோடு மண்டியிட்டிருக்கிறார். ஜன்னல் வெயில் பட்டு, காகித ஏரி நிஜத் தண்ணீராக மினுங்குகிறது. “டூரிஸ்ட் பஸ்ஸெல்லாம் எங்க நிக்கும்?” என்கிறாள் தையல்காரி. “இங்கதான்க்கா” என்று தன் முழங்காலடியில் இருக்கும் நீலப் பென்சில் கட்டத்தைத் தட்டுகிறார் அதிகாரி. “உங்க வீடு எந்தப் பக்கம்?” “அதுமேலதான் தம்பி மண்டி போட்டிருக்கீங்க.” ஹால் சிரிப்பில் அதிர்கிறது. அவர் சுடுதண்ணீர் பட்டவர்போல் எழுந்து, காது சிவக்க, ரப்பரை அவளிடமே நீட்டுகிறார். அவள் அழுத்தித் தேய்த்து, தூளை ஊதுகிறாள். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளந்து, பள்ளி மைதானத்துக்குப் பின்னால் கட்டத்தைப் புதிதாகப் போடுகிறாள். “வர்றவங்க நாலு எட்டு நடக்கட்டுமே, என்ன குறைஞ்சு போகுது?” எல்லாரும் கை தூக்குகிறார்கள், அதிகாரியின் கையும் மேலே போகிறது. அவள் மட்டும் இன்னும் குனிந்தபடி, துணியில் கோடு போடும் சிவப்பு சாக்கட்டியால் தன் வீட்டை வரைகிறாள். வாசலில் நீளமாக ஒரு பெஞ்சும் போடுகிறாள். “நடந்து வந்தா கால் வலிக்கும்ல. உக்காரட்டும்.”